மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஒரு மருத்துவ ஆய்வாளரை எடைபோட முடியுமா? குன்னூர்ப் பரிசுக் குழுவுக்கு ஆலோசனை தேவை

குன்னூர்வாசி (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகள் மருத்துவம் பார்த்து மறைந்த ஒருவரின் நினைவாக, அவருடைய குடும்பத்தினர் ஆண்டுதோறும் ஒரு மருத்துவ ஆய்வாளருக்குப் பரிசு கொடுக்க ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறார்கள். நீலகிரியிலோ பழனி மலையிலோ பணியாற்றியவராக இருக்கவேண்டும், அல்லது இந்த மலைகளில் வாழ்பவர்களின் நோய்களை ஆராய்ந்தவராக இருக்கவேண்டும். நிபந்தனை இவ்வளவுதான். தேர்வுக் குழுவில் நால்வர் இருக்கிறோம்: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், அந்தக் குடும்பத்தின் மூத்த மகள், வங்கியில் மேலாளராக இருந்த நான். எங்களில் யாரும் ஆய்வு செய்தவர்கள் அல்லர்.

மூன்று விண்ணப்பங்கள் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கின்றன. ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களைச் சற்று மாற்றிச் சொல்கிறேன்.

முதலாமவருக்கு 210 கட்டுரைகள், சுமார் 11,000 மேற்கோள்கள் (அதாவது பிறர் தங்கள் கட்டுரைகளில் அவருடைய கட்டுரைகளைக் குறிப்பிட்ட தடவைகள்), எச்-குறியீடு 34. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர். இரண்டாமவர் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அரிவாள் செல் இரத்தசோகையை ஆராய்ந்தவர். 19 கட்டுரைகள், 260 மேற்கோள்கள், எச்-குறியீடு 8. மூன்றாமவர் தடுப்பூசித் தயாரிப்பில் வாழ்நாளைக் கழித்தவர். ஏழே கட்டுரைகள். மேற்கோள் எண்ணிக்கையை அவர் எழுதவே இல்லை.

வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தால் முதலாமவருக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நேற்றுக் கூட்டத்தில் மூவர் அதையே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் கேட்டபோது என்னால் சொல்லவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.


கொடைக்கானல் கணக்காசிரியர் | சனி, இரவு 10.05

ஐயா, முதலில் அந்த 34 என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். ஒருவருடைய கட்டுரைகளை அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து குறைவாகப் பெற்றது வரை வரிசையாக அடுக்குங்கள். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். பத்தாவது கட்டுரைக்குப் பத்து மேற்கோளாவது இருந்து, பதினொன்றாவதற்குப் பதினொன்று இல்லை என்றால் அவருடைய எச்-குறியீடு 10. ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. ஒரே ஒரு கட்டுரைக்கு வந்த பெரும்புகழ் ஒருவரை அளவுக்கு மீறித் தூக்கிவிடாமலும், யாரும் படிக்காத நூறு கட்டுரைகள் அவருக்கு உதவாமலும் செய்வதுதான் அதன் நல்ல குணம்.

இனி அதன் குறைகள். இந்த எண் ஒருபோதும் குறையாது. ஆய்வை விட்டு ஒதுங்கியவருக்கும் ஏறிக்கொண்டே போகலாம். ஆகவே முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடவே கூடாது. கட்டுரையில் நீங்கள் ஒருவராக இருந்தாலும் ஐந்நூறு பேரில் ஒருவராக இருந்தாலும் இது ஒரே அளவு மதிப்பைத்தான் தரும். ஹிர்ஷே பிற்காலத்தில் தன் குறியீடு உண்டாக்கிய கெடுதல்களைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார்.

முதலாமவருடைய கட்டுரைப் பட்டியலைப் பெயரை மறைத்து அனுப்ப முடியுமா? கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.


உதகை உதவிப் பேராசிரியர் | ஞாயிறு, காலை 7.15

நான் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவன். இந்த எண்களோடு அன்றாடம் வாழ்கிறவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்லவேண்டும்.

மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. ஒரு காலத்தில் முதல் ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் (ஆய்விதழோடு கடிதத் தொடர்பு வைப்பவர்) மட்டுமே மதிப்பு என்று வைத்தார்கள். இதனால் பெயர் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதே சண்டையாகிவிட்டது. நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில், நோயாளியைக்கூடப் பார்க்காத மூத்தவர் ஒருவரின் பெயர் எங்கள் கட்டுரைகள் அனைத்திலும் இருந்தது. கேட்கும் துணிச்சல் எங்கள் எவருக்கும் வரவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஒன்று இதற்குத் தெளிவான வரையறை வைத்திருக்கிறது. ஆய்வை வகுப்பதிலோ தரவைத் திரட்டுவதிலோ அதை அலசுவதிலோ கணிசமான பங்கு வேண்டும், எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தரவேண்டும், முழுவதற்கும் பொறுப்பேற்கவேண்டும். இந்த நான்கும் பொருந்தினால்தான் ஆசிரியர். பலர் கவனிக்காத வரி ஒன்றும் அதில் உண்டு: முதல் தகுதியை நிறைவு செய்தவருக்கு மற்ற மூன்றிலும் பங்கேற்க வாய்ப்பளிக்கவேண்டும். வாய்ப்பே கொடுக்காமல், 'அவர் எழுதவில்லையே' என்று பெயரை நீக்குவது முறையன்று.

துறைக்குத் துறை வேறுபாடும் பெரிது. இதயநோய் ஆய்வை உலகம் முழுவதும் பல்லாயிரம் பேர் செய்கிறார்கள், ஆகவே மேற்கோள் கொட்டும். பழங்குடி மக்களின் இரத்தநோயை ஆராய்பவர்கள் சிலநூறு பேர்தான். அமெரிக்காவின் தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள் இதற்காகவே ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் என்று ஒன்றை உருவாக்கி, ஒரு கட்டுரையை அதன் துறைக் கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிடுகின்றன. இரண்டாமவரின் 260ஐ முதலாமவரின் 11,000க்கு அருகில் வைப்பதே பிழை.


வெலிங்டன் வாசகர் | ஞாயிறு, காலை 8.02

உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானிகள் என்று நாளிதழ்களில் ஆண்டுதோறும் பட்டியல் வருகிறதே, அதில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் போதாதா?


உதகை உதவிப் பேராசிரியர் | ஞாயிறு, காலை 8.30

போதாது ஐயா. ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் கவனமானவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து ஆறு அளவுகளை எடுத்துக் கலக்கிறார்கள்: மொத்த மேற்கோள், எச்-குறியீடு, இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச்-குறியீடு, தனியாக எழுதியவற்றுக்கு வந்த மேற்கோள், தனியாகவோ முதல் ஆசிரியராகவோ எழுதியவற்றுக்கு வந்தது, இவற்றோடு கடைசி ஆசிரியராக எழுதியவற்றையும் சேர்த்தது. கூட்டத்தில் ஒருவராக நிற்பவரையும் முன்னின்று நடத்துபவரையும் பிரித்துக் காட்டும் முயற்சி இது. 'வாழ்நாள் சாதனை', 'ஓர் ஆண்டின் தாக்கம்' என்று பட்டியல் இரண்டு வகைப்படும். செய்தியில் வரும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. எப்படியிருந்தாலும் 19 கட்டுரை எழுதியவர் அந்தப் பட்டியலுக்குள் வருவது மிகக் கடினம்.


பழைய நூலகர் | ஞாயிறு, பகல் 11.50

நான் மருத்துவ நூலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். இப்போது அருவங்காட்டில் இருக்கிறேன். யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை தடித்தடி நூல்களாக வந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவன். 1960களில் தொடங்கிய அந்த அட்டவணையை நாங்கள் பயன்படுத்தியது ஆளை எடைபோட அன்று. ஒரு கட்டுரைக்குப் பிறகு அதே பொருளில் யார் என்ன எழுதினார்கள் என்று தேடிப் போவதற்குத்தான். வழிகாட்டும் கைவிளக்காக வந்ததைத் தராசாக ஆக்கிக்கொண்டது பின்னால்தான்.

குன்னூர்க்காரரே, உங்கள் ஊரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கருவுற்ற பெண்களுக்கு வரும் கடுமையான இரத்தசோகையை ஆராய 1928இல் பம்பாய்க்கு வந்தார். 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உங்கள் பாஸ்டர் நிலையத்தில் இருந்து வேலை செய்தார். ராபர்ட் மக்கரிசன் அங்கே உணவூட்ட ஆய்வை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. பிறகு சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளைப் பார்த்தார். ஈஸ்ட் சாறு, அதாவது கடையில் விற்ற மார்மைட், இந்தச் சோகையைக் குணப்படுத்துகிறது என்று 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதிலுள்ள பொருள் என்னவென்று அன்று தெரியாது. சில காலம் அதை 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் எத்தனை 1931ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுகின்றன? மிகச் சில. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டால் அதற்கு மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிடுவார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: பொது அறிவில் கரைந்து மறைதல் என்று நான் தமிழில் சொல்வேன். எண்ணிக்கை குறைந்தது, வேலை வென்றுவிட்டதால்.


கொடைக்கானல் கணக்காசிரியர் | ஞாயிறு, பகல் 12.20

நூலகர் ஐயா சொன்னதற்கு எங்கள் மலையிலும் ஓர் உதாரணம் உண்டு, மருத்துவம் இல்லைதான். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்டார். இன்று எல்லோரும் 'எவர்ஷெட் விளைவு' என்று எழுதுகிறார்கள், அந்தக் கட்டுரையைக் குறிப்பிடாமலே. பெயர் நிலைத்துவிட்டது, மேற்கோள் நின்றுவிட்டது.


கோத்தகிரி மருத்துவர் | ஞாயிறு, மாலை 4.45

ஃபோலிக் அமிலத்தின் கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே குழுதான் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் உருவாக்கியது. சிட்னி ஃபார்பர் அந்த மருந்தைக் கொடுத்து, இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் ஐவர். சுப்பாராவ் பெயர் அவர்களில் இல்லை. அதே ஆண்டில் அவர் இறந்தும் போனார். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சையையே மாற்றிய ஒரு மருந்துக்காக அவர் கணக்கில் ஒரு மேற்கோளும் சேர்ந்திருக்காது. அவருக்கு மேற்கோள்களை அள்ளித் தந்தது, 1925இல் ஃபிஸ்க்கோடு சேர்ந்து எழுதிய, பாஸ்பரஸ் அளவை நிறம் பார்த்துக் கண்டறியும் முறை.

இதையும் பாருங்கள். காசநோயாளிகளைக் குளிர்ந்த காற்றுக்காக மலைக்கும் சானடோரியத்துக்கும் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959இல் காட்டியது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு அது. ஆசிரியர் இடத்தில் ஆள் பெயரே இல்லை, 'காசநோய் வேதிமருத்துவ மையம், சென்னை' என்று நிலையத்தின் பெயர்தான் இருக்கிறது. அங்கே உழைத்தவர்களின் எச்-குறியீட்டில் அது எப்படி ஏறும்?


உதகை உதவிப் பேராசிரியர் | ஞாயிறு, இரவு 7.30

இவற்றை ஏற்கிறேன். ஆனாலும் முதலாமவருக்காகவும் யாராவது பேசவேண்டும். பெரிய கூட்டாய்வுகளில் இந்தியாவின் தரவு தானாகப் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியின் பதிவையும் சரிபார்த்து, விடுபட்டதைத் தேடி, மறுபடியும் மறுபடியும் எழுதிக் கேட்டு வாங்குபவர் ஒருவர் இருந்தால்தான் உலகக் கணக்கில் நம் மக்கள் எண்ணப்படுவார்கள். அந்தக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருப்பதாலேயே ஒருவரின் உழைப்பு போலி என்று ஆகிவிடாது. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் போதும். இப்போது பல ஆய்விதழ்கள் பதினான்கு வகைப் பணிகளைப் பட்டியலிட்டு, யார் எதைச் செய்தார் என்று கட்டுரையின் இறுதியில் அச்சிடுகின்றன. அதைப் படியுங்கள்.


கொடைக்கானல் கணக்காசிரியர் | திங்கள், இரவு 9.10

பட்டியலை அனுப்பியதற்கு நன்றி ஐயா. கணக்கு இதோ.

முதலாமவரின் 11,000 மேற்கோளில் 8,400, ஆறே ஆறு கட்டுரைகளிலிருந்து வருகின்றன. ஆறும் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் எழுதியவை. அவற்றை எடுத்துவிட்டால் மொத்தம் 2,600 ஆகிறது. எச்-குறியீடோ 34இலிருந்து 31க்கு மட்டுமே இறங்குகிறது. அதாவது அந்த ஆறையும் நம்பி அவர் நிற்கவில்லை. அவருடைய சொந்த வேலையும் மதிப்புள்ளதுதான். 11,000 என்ற எண்ணைப் பார்த்து வியந்தவர்கள் தவறான எண்ணைப் பார்த்து வியந்திருக்கிறார்கள்.

இணை ஆசிரியர் வலையையும் வரைந்தேன். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, சேர்ந்து எழுதியிருந்தால் இடையில் ஒரு கோடு. மார்க் நியூமன் என்ற இயற்பியலாளர் 2001இல் மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தின் கட்டுரைகளை வைத்து இப்படி 15 லட்சம் ஆசிரியர்களை ஆராய்ந்தார். ஒருவருக்குச் சராசரி 18 கூட்டாளிகள். எந்த இருவருக்கும் இடையிலான தூரம் சராசரியாக ஐந்து கைகுலுக்கலுக்கும் குறைவு. நம் முதலாமவருக்கு 900க்கு மேல் கூட்டாளிகள். ஆனால் அவர் புள்ளியை அழித்தாலும் வலை அப்படியே நிற்கிறது, ஏனென்றால் மற்ற எல்லோரும் தங்களுக்குள் ஏற்கெனவே இணைந்திருக்கிறார்கள்.

இரண்டாமவருக்கு 37 பேர்தான். படத்தில் அவர்கள் இரண்டு கொத்துகளாக இருக்கிறார்கள்: மலையில் உள்ள சிறிய ஆஸ்பத்திரிகளின் ஆட்கள் ஒரு பக்கம், சமவெளியில் மரபணு ஆய்வகத்தில் இருப்பவர்கள் மறுபக்கம். இரண்டையும் இணைப்பது ஒரே புள்ளி, அவர்தான். அதை அழித்தால் வலை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இருபது ஆண்டு கழித்தும் பாலம் ஒன்றுதான் என்றால், அவர் அடுத்தவரைப் பழக்கவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அதை நேரில்தான் கேட்கவேண்டும்.


பழைய நூலகர் | செவ்வாய், மாலை 6.20

என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்தேன். இரண்டாமவரின் அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைக்கு 41 மேற்கோள். அந்த 41 கட்டுரைகளையும் திறந்து, அவருடைய பெயர் வரும் வரியை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் ஆனது. சில கட்டுரைகள் பணம் கட்டினால்தான் திறக்கும், பழைய நண்பர்களிடம் கேட்டு வாங்கினேன்.

ஆறு, அவரே தன்னைக் குறிப்பிட்டவை. 22, முன்னுரையில் 'இந்தியப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் நோய் பரவலாகக் காணப்படுகிறது' என்பதுபோன்ற ஒரு வரிக்குப் பின்னால், வேறு நான்கைந்து பேரோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் நிற்பவை. அந்த 22 பேரும் கட்டுரையைப் படித்தார்களா என்றே ஐயமாக இருக்கிறது. இருவர் ஆண்டைத் தப்பாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள், இருவரும் ஒரே தப்பை. ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்திருக்கிறார். மூன்று கட்டுரைகள் தங்கள் முடிவை அவருடையதோடு ஒப்பிடுகின்றன. ஒன்று அவரோடு கருத்து வேறுபடுகிறது, நாகரிகமாகவும் காரணத்தோடும்.

மீதி ஒன்பது. அவற்றுக்காகவே இதை எழுதுகிறேன். ஒன்பதும் 'செய்முறை' பகுதியில் வருகின்றன. பிறந்த குழந்தையிடம் இரத்தம் எடுத்த பிறகு, ஊர் மாறிப்போன குடும்பத்தை மறுபடி கண்டுபிடிக்க அவர் கட்டுரையில் சொன்ன பதிவேட்டு முறையை எடுத்து, ஒடிசாவிலும் குஜராத்திலும் வேறு பழங்குடிப் பகுதிகளிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர் 'இந்த முறையைக் கையாண்ட பின் விடுபடுவோர் எண்ணிக்கை குறைந்தது' என்றே எழுதியிருக்கிறார். இந்த ஒன்பதுக்கும் அந்த 22க்கும் தரவுத்தளத்தில் ஒரே விலை.

எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை போதும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி, பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதியது. அதை வெளியிட்ட லான்செட் ஆய்விதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. ஆயிரத்துக்கு மேல் மேற்கோள் உண்டு. பெரும்பாலானவை அதை மறுத்தவை.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பெயர்களுக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து. வெளிநாட்டு ஆய்விதழோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். ஒருவர் ஒரு கட்டுரையில் எஸ். குமார், அடுத்ததில் குமார் சுப்பிரமணியன், மூன்றாவதில் சுப்பிரமணியன் கே. தரவுத்தளம் மூன்று ஆளாக எண்ணும். திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் பாடு இன்னும் மோசம், பாதி வாழ்க்கை வேறொருவர் கணக்கில் போய்விடும். உங்கள் இரண்டாமவரின் நான்கு கட்டுரைகள் இப்படித் தனியே கிடக்கின்றன. 2012இல் வந்த ஆர்க்கிட் என்ற பதினாறு இலக்க எண்ணை எடுத்துக்கொண்டால் இது தீரும். அவரிடம் சொல்லுங்கள்.


கூடலூர் செவிலி | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். இந்தத் தளத்தில் படிப்பேன், எழுதியதில்லை. நூலகர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூடலூர், பந்தலூர்ப் பக்கக் குடியிருப்புகளில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்தேன். இப்போது ஓய்வு. குழந்தையின் குதிகாலில் குத்தி வடிதாள் அட்டையில் இரத்தம் எடுக்கவேண்டும். அட்டையில் உள்ள வட்டம் பின்பக்கம் வரை நனைந்தால்தான் ஆய்வகம் ஏற்றுக்கொள்ளும். பிறகு மூன்று நான்கு மணி நேரம் நிழலில் உலரவேண்டும். வெயில் படக்கூடாது, அடுப்புச் சூடும் ஆகாது. ஜூலை மழையில் எங்கள் பக்கம் துணியே நான்கு நாள் காயாது. அட்டையை ஜீப்பின் உள்ளே கயிறு கட்டித் தொங்கவிட்டு, உலர்ந்ததும் பிஸ்கட் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்து மூடுவோம்.

முடிவு வர மூன்று வாரம். அதற்குள் தாய் வேறு இடத்தில் இருப்பாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பாள், அல்லது தேயிலைத் தோட்ட வேலைக்குக் கணவனோடு போயிருப்பாள். குழந்தைக்கு அட்டையில் எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் வேறு. நோய் உள்ள குழந்தையைத் தேடி நான்கு முறை ஏறி இறங்கியும் காணாமல் திரும்பியிருக்கிறேன். அதில் ஒரு குழந்தை பிறகு காய்ச்சலில் இறந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் நோட்டில் ஒவ்வொரு தாய்க்கும் நேராக மூன்று இடம் எழுதத் தொடங்கினேன்: பிறந்த வீடு, இப்போது இருக்கும் குடியிருப்பு, வேலைக்குப் போகும் தோட்டம். ஒவ்வொரு இடத்திலும் செய்தி சொல்லக்கூடிய ஒரு பெண்ணின் பெயரையும் எழுதிக்கொள்வேன். மூன்றில் ஒன்றில் எப்படியும் கிடைத்துவிடுவாள்.

நீங்கள் சொல்லும் கட்டுரை எது என்று கேட்க மாட்டேன். ஒன்பது பேர் எடுத்துக்கொண்ட அந்தப் பதிவேடு இதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நான் வேலை செய்த ஆய்வு ஒன்று கட்டுரையாக வந்தபோது கடைசியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. பெயர் இல்லை. எனக்கு அப்போது அது குறையாகத் தோன்றவில்லை. உதவிப் பேராசிரியர் தம்பி எழுதிய விதியைப் படித்த பிறகு, கேட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது.


கோத்தகிரி மருத்துவர் | புதன், காலை 6.50

அக்கா, கேட்டிருக்கவேண்டியது உங்கள் கடமை அன்று. உங்களிடம் கேட்டிருக்கவேண்டியது அவர்களின் கடமை.

1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அரிவாள் செல் பண்பை (அந்த நோயின் மரபணுவைச் சுமக்கும் நிலையை) இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்தக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரத்தம் கொடுத்தவர்களின் குடியிருப்புகளில் ஒழுங்கான சிகிச்சை வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நாடு முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் 2023இல்தான் தொடங்கியது. கட்டுரைக்கும் சிகிச்சைக்கும் நடுவில் இருக்கும் அந்த நீண்ட காலத்தில் நடந்தது உங்களைப் போன்றவர்கள் நடந்த நடை. எந்த அட்டவணையிலும் அதற்குப் பத்தி கிடையாது.

மூன்றாமவரைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் ஒரு வார்த்தை சொல்கிறேன். வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த அந்த மருந்தால் சிலருக்கு நரம்புப் பாதிப்பே வந்தது. 2004 இறுதியோடு அதை நாட்டில் நிறுத்தி, செல் வளர்ப்பில் தயாரிக்கும் ஊசிக்கு மாறினோம். ஒரு தொகுதி ஊசிமருந்து தேறியது, அடுத்தது ஏன் தேறவில்லை என்று ஆண்டுக்கணக்கில் பதிவு எழுதிய ஆட்களால் முடிந்த மாற்றம் அது. அவர்கள் எழுதியது தொகுதிப் பதிவேடு, ஆய்விதழ் அன்று. அவரை நேரில் அழைத்து அந்தப் பதிவேடுகளைப் பற்றிக் கேளுங்கள்.


குன்னூர்வாசி (இழையைத் தொடங்கியவர்) | வியாழன், இரவு 9.30

நான்கு நாளாக இந்த இழையைத் தாளில் அச்சிட்டுக் கையோடு வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று குழு கூடியது. நூலகர் ஐயாவின் 41 வரிகளைத் தலைமை ஆசிரியர் உரக்கப் படித்தார். முதல் கூட்டத்தில் எண்ணைப் பார்த்து முடிவு சொன்னவரும் அவர்தான். ஒன்பதாவது வரியில் நிறுத்திவிட்டு, செவிலி அம்மா எழுதியதை எடுத்துக் கொடுங்கள் என்றார்.

பரிசை இன்னும் முடிவு செய்யவில்லை. மூவருக்கும் ஒரே கடிதம் அனுப்புகிறோம். உங்கள் கட்டுரைகளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள் (மூன்றாமவர் கட்டுரைக்குப் பதிலாகப் பதிவேட்டின் பக்கங்களையும் அனுப்பலாம்). ஒவ்வொன்றிலும் நீங்கள் உங்கள் கையால் செய்தது என்ன? அதை எடுத்துப் பயன்படுத்திய வேறொருவரின் வரி எது? உங்களோடு உழைத்து, ஆசிரியர் பட்டியலில் இடம்பெறாதவர்கள் யார், பெயரோடு? எச்-குறியீட்டை எழுதவேண்டாம் என்று அடிக்கோடிட்டிருக்கிறோம்.

செவிலி அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். குழுவில் ஐந்தாவது ஆளாக நீங்கள் உட்காரவேண்டும் என்று நால்வரும் ஒருமனதாக விரும்புகிறோம். விண்ணப்பித்தவர்களில் யாருடனாவது நீங்கள் வேலை செய்திருந்தால் சொல்லுங்கள், அவரைப் பற்றிய பேச்சின்போது மட்டும் விலகிக்கொள்ளலாம். அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு.


கூடலூர் செவிலி | வியாழன், இரவு 11.05

வருகிறேன் ஐயா. பெயர்களை அன்று காட்டுங்கள், தெரிந்தவர் இருந்தால் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். கூடலூரிலிருந்து ஊட்டி வந்து பஸ் மாறவேண்டும், மழை பெய்தால் இன்னும் தாமதமாகும். பதினொரு மணிக்கு மேல் வைத்தால் நல்லது. பழைய நோட்டுகள் ஏழு இருக்கின்றன, இரண்டைக் கறையான் அரித்துவிட்டது. மீதியை எடுத்துவருகிறேன். அவற்றில் தாய்மாரின் பெயர்கள் இருப்பதால் யாரும் படம் எடுக்கக்கூடாது. அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.